அடித்தல் திருத்தல் அப்படியே இருக்கட்டும்

கேள்வி: என் மகள் இங்கே கலிபோர்னியாவில் 11-ஆம் வகுப்பு. இந்த வருடம் பயோடெக்னாலஜி எடுத்திருக்கிறாள். வகுப்பையே ஒரு கம்பெனி மாதிரி நடத்துகிறார் டீச்சர். 4 நிமிடம் தாமதமாகப் போனதற்கு மார்க் குறைத்தார். காய்ச்சலில் படுத்திருந்த அன்று காலை 8 மணிக்குள் மெயில் போடவில்லை என்று இன்னொரு தடவை. அதைக்கூட விடுங்கள். லேப் நோட்டு கசகசவென்று இருக்கிறதே என்று, வகுப்பில் தனித்தாளில் குறித்துக்கொண்டு வந்து வீட்டில் அழகாக ஃபேர் பண்ணச் சொன்னதே நான்தான். அதற்கும் மார்க் போய்விட்டது! 16 வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு கறார் தேவையா? டீச்சருக்கு நான் எழுதலாமா?
- ஒரு தாய், சான் ஹோசே

பதில்: சகோதரி, நோட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன், உங்கள் மனம் அதில்தான் அதிகம் நொந்திருக்கிறது. நம் ஊரில் படித்தவர்களுக்கு 'அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது' என்பது ரத்தத்தில் ஊறிய பாடம். ரஃப் நோட்டு வேறு, ரெக்கார்டு நோட்டு வேறு. நானும் அந்தப் பழக்கத்தோடுதான் இங்கே ஒரு மருந்து ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே மேலதிகாரி என் நோட்டைப் புரட்டிவிட்டு, "இதை எப்போது எழுதினாய்?" என்றார். சாயங்காலம் என்றேன். "அப்படியென்றால் காலையில் பைப்பெட்டில் எத்தனை மைக்ரோலிட்டர் எடுத்தாய் என்பது உன் ஞாபகம், பதிவு இல்லை" என்றார். அன்றோடு ஃபேர் காப்பியை விட்டேன்.

ஆய்வக நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கலாம், இருந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பேனாவால் ஒற்றைக் கோடு, அடியில் இருப்பது படிக்க வர வேண்டும், பக்கத்தில் இனிஷியலும் தேதியும். வொயிட்னர் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. இது டீச்சரின் பிடிவாதம் இல்லை. மருந்து தயாரிக்கும் இடங்களில் ஒவ்வொரு வேலையையும் செய்யும்போதே எழுத வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-வின் விதியே இருக்கிறது. 2013 மார்ச் வரை இந்த நாட்டில் முதலில் கண்டுபிடித்தவருக்குத்தான் பேட்டன்ட் என்பதால், இன்ன தேதியில் இதைச் செய்தேன் என்று காட்ட இந்த மாதிரி நோட்டுகள்தான் சாட்சியாகப் போயின. பாக்டீரியாவுக்குள் மனித ஜீனை வைத்துத் தயாரித்த இன்சுலினுக்கு 1982-இல் அனுமதி கிடைத்தது, இன்றைக்கும் எத்தனையோ பேர் அப்படித் தயாரான இன்சுலினை ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் குப்பிக்குள் இருப்பதை நம்பி உடம்பில் ஏற்றுகிறவருக்கு, அதைச் செய்தவர் செய்த நேரத்திலேயே, தப்பையும் மறைக்காமல் எழுதினாரா என்பது சின்ன விஷயமா?

4 நிமிடத் தாமதம். உங்கள் மகள் அநேகமாக இந்த வருடமே பாக்டீரியாவைப் பச்சையாக ஒளிர வைக்கும் சோதனையைச் செய்வாள். பள்ளிகளில் வழக்கமாகச் செய்யும் முறையில் குழாயை 10 நிமிடம் ஐஸில் வைத்து, 42 டிகிரி தண்ணீரில் சரியாக 50 விநாடி முக்கி, உடனே மறுபடி ஐஸுக்கு மாற்ற வேண்டும். ஒருத்தி கடிகாரத்தைப் பார்க்க, இன்னொருத்தி குழாயோடு நிற்பாள். கூட்டாளி வராவிட்டால் மற்றவள் தனியாகத் திண்டாடுவாள், இல்லையென்றால் அந்தக் குழுவின் சோதனை அன்றைக்கு நடக்காது.

ஆனால் காய்ச்சல் விஷயத்தில் நான் டீச்சர் பக்கம் இல்லை. கம்பெனி மாதிரி என்றால் கம்பெனியில் இருக்கும் உரிமையும் கூட வர வேண்டும். கலிபோர்னியாவில் 2015 முதல் வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு சட்டப்படி உண்டு. எதிர்பாராமல் உடம்புக்கு வந்தால், முடிந்த அளவு சீக்கிரம் சொன்னால் போதும் என்றுதான் அந்தச் சட்டமும் சொல்கிறது. காய்ச்சலில் சுருண்டு கிடக்கிற பிள்ளை 8 மணிக்குள் மெயில் போட்டே ஆக வேண்டும் என்பது எந்த நல்ல ஆய்வகத்திலும் நடக்காது. அந்த மார்க்கைத் திருப்பிக் கேட்பதில் தப்பே இல்லை.

ஆனால் நீங்கள் எழுதாதீர்கள், தயவுசெய்து. அவள் எழுதட்டும். 'அன்று எனக்குக் காய்ச்சல், மதியம் எழுந்ததும் தெரிவித்தேன், இதை மறுபரிசீலனை செய்ய முடியுமா, விடுபட்ட வேலையை எந்த நாளில் செய்யலாம்' - இவ்வளவு போதும். பக்கத்தில் உட்கார்ந்து வேண்டுமானால் எழுத்துப்பிழை பாருங்கள். அப்புறம், ஃபேர் பண்ணச் சொன்னது நான்தான் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பாவம், அம்மா சொன்னதைக் கேட்டதற்கு மார்க் போயிருக்கிறது.

கேள்வி: நானும் அதே மாதிரி வகுப்பில்தான் படிக்கிறேன். பாக்டீரியாவைப் பச்சையாக ஒளிர வைக்கும் அந்தச் சோதனையைச் செய்தோம், எங்கள் தட்டில் பாக்டீரியா வளரவே இல்லை. பக்கத்துக் குழுவின் எண்ணிக்கையை எழுதிக்கொள்ளலாம் என்கிறான் என் பார்ட்னர்.
- ஒரு மாணவன், ஃப்ரீமான்ட்

பதில்: வேண்டாம் தம்பி. 'ஒன்றும் வளரவில்லை' என்று தேதி போட்டு எழுது, அதுவும் முடிவுதான். பிறகு, ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சேர்க்காத தட்டை எடுத்துப் பார். அதில் பாக்டீரியா பாய் விரித்த மாதிரி படர்ந்திருந்தால் செல்கள் உயிரோடுதான் இருந்திருக்கின்றன, அந்த ஆன்டிபயாடிக்கைத் தாங்க வைக்கும் ஜீனும் ஒளிர வைக்கும் ஜீனும் உள்ள பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையம்தான் உள்ளே போகவில்லை. பிளாஸ்மிட் எடுத்த லூப்பில், அதாவது நுனியில் வளையம் உள்ள குச்சியில், திரவம் படலமாக ஒட்டியிருந்ததா என்று யோசி. அந்தத் தட்டும் காலி என்றால் சூட்டில் செல்கள் செத்திருக்கலாம், 50 விநாடிக்கு மேல் போனதா என்று பார்ட்னரைக் கேள். இன்னொன்று, தட்டின் பெயரை மூடியில் எழுதினாயா? மூடி மாறிப்போகும். அடிப்பக்கத்து ஓரத்தில்தான் எழுத வேண்டும். எது எந்தத் தட்டு என்று உறுதியாகத் தெரியவில்லை என்றால் அதையும் நோட்டில் எழுதிவிட்டு, டீச்சர் தட்டுகளை பிளீச்சில் போடுவதற்குள் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேள்.