'குவைட்டர்' தப்பா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் பரீட்சையில் 'அதிக அமைதியான' என்ற பொருளில் 'குவைட்டர்' (quieter) என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதை அடித்து 'மோர் குவைட்' என்று திருத்தி, அரை மதிப்பெண் குறைத்துவிட்டார். இரண்டு அசை இருந்தால் 'மோர்'தான் போட வேண்டுமாம். எது சரி? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உங்கள் மகள் எழுதியது சரி. அந்த அரை மதிப்பெண் அவளுக்கு வரவேண்டியது.

இரண்டு அசை என்றாலே 'மோர்' என்று ஆங்கிலத்தில் விதியே இல்லை. சொல் எப்படி முடிகிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். 'ஹாப்பி' போல 'ஈ' ஒலியில் முடிந்தால் ஹாப்பியர், ஹாப்பியஸ்ட். அன்ஹாப்பி என்று மூன்று அசையான பிறகும் அன்ஹாப்பியர்தானே? அசையை மட்டும் எண்ணுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? நேரோ நேரோவர் ஆகும், சிம்பிள் சிம்ப்ளர் ஆகும். யூஸ்ஃபுல், கேர்லெஸ், ஃபேமஸ், போரிங் போன்றவற்றுக்கு 'மோர்'தான். பொலைட், காமன், குவைட் எல்லாம் இரண்டு விதமாகவும் வரும். அதிலும் குவைட்டர்தான் அதிகம் புழங்குவது. கிளெவரர் என்பார்கள். அதே முடிவுள்ள ஈகருக்கோ 'மோர் ஈகர்'தான். இதெல்லாம் கேட்டுக் கேட்டு, படித்துப் படித்துத்தான் பிடிபடும். சரியாகப் பிடித்துக்கொண்ட பிள்ளையின் விடையை அடித்தால், அவள் தன் காதையே சந்தேகிக்கத் தொடங்கிவிடுவாள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

அடிக்க வேண்டியது 'மோர் ஹாப்பியர்' என்று எழுதினால். நம் பிள்ளைகள் அங்கே தடுக்கி விழக் காரணம் உண்டு. 'அக்காவைவிட அமைதி', 'எல்லாரையும்விட அமைதி' என்கிறோம். 'அமைதி' மாறுவதே இல்லை, 'விட' எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தில் 'மோர்' என்ற தனிச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு பாடத்தில் படித்த 'அர்' நினைவுக்கு வர, அதையும் ஒட்டிவிடுகிறார்கள். ஷேக்ஸ்பியர் காலத்தில் இப்படி இரட்டிப்பது பிழையில்லை. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் ஆன்டனியே 'மோஸ்ட் அன்கைண்டஸ்ட்' என்கிறான். 1762இல் ராபர்ட் லௌத் தம் இலக்கண நூலில் இரட்டிப்பு தகாது என்று எழுதினார். இன்றைக்கு அது பிழைதான்.

ஆங்கிலம் கற்பவர்களுக்கான நல்ல அகராதி ஒன்றை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். 'குவைட்' என்ற சொல்லை ஒட்டியே குவைட்டர், குவைட்டஸ்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆசிரியையிடம் தனியாகக் காட்டுங்கள். மதிப்பெண்ணை மட்டும் வகுப்பில், உங்கள் மகளின் கையில் அந்தத் தாளைக் கொடுத்தே திருத்தித் தரச் சொல்லுங்கள்.