எங்கள் தோட்டத்து டவுனில் மறைந்து வாழும் சின் கிறிஸ்தவ அகதிகளின் ஆராதனைக்குத் தமிழ்ச் சபை எப்படிக் கைகொடுக்கலாம்?

மலேசியத் தமிழ்ச் சபை ஒன்றிலிருந்து வந்த கேள்வி இது. நீங்கள் எழுதியபடி இடம் பேராக்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்ன டவுன். கடைவரிசை மாடியில் ஏழெட்டுக் குடும்பங்கள், எல்லாரும் மியன்மாரின் சின் மாநிலத்துக்காரர்கள். "அவர்களின் விசுவாசத்தைப் பலப்படுத்த" உங்கள் சபை விரும்புகிறது. முதல் வேலையாக, இதை வேறெங்காவது கேட்டிருந்தால், அதில் ஊர்ப் பெயரோ கடை அடையாளமோ இருந்தால் அழித்துவிடுங்கள்.

பலப்படுத்தும் வேலை உங்களுக்கு இல்லை. அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி கார்சன் தம்பதியர் சின் மலைநாட்டின் ஹாக்காவுக்கு வந்தது 1899இல். அன்றிலிருந்து நாலைந்து தலைமுறை ஆகிவிட்டது. மலைமேல் நட்ட சிலுவைகளை ராணுவம் பிடுங்கியதைப் பார்த்தவர்கள் அவர்கள். 2021 செப்டம்பரில் சின் மாநிலத்துத் தந்த்லாங் ஊர் எரிந்தபோது, தீயை அணைக்கப் போன போதகரைச் சுட்டுக் கொன்றார்கள். இந்தக் கூட்டத்துக்கு "துன்பத்திலும் விசுவாசம்" என்று பிரசங்கம் வைப்பது கொஞ்சம் வேடிக்கைதான். அவர்களுக்குக் குறைவது இடமும் நேரமும். அதோடு, உங்கள் சபையார் வாயை மூடிக்கொள்வதும்.

ஆராதனை பெரும்பாலும் ஒரு அறைக்குள்தான் நடக்கிறது. பிளைவுட் தடுப்பு; இரண்டு பக்கமும் வேறு ஆட்கள். அவர்களின் பாட்டுப் புத்தகத்தில் வரிகளோடு டோ, ரே, மி சுரங்களைக் குறிக்கும் டோனிக் சொல்ஃபா எழுத்துகளும் அச்சாகியிருக்கும். நான்கு குரலில் பாடச் சிறு வயதிலேயே பழகியவர்கள், அதை அப்படியே முணுமுணுப்பாக இறக்கிப் பாடுவார்கள். கிட்டாருக்கு ஒலிபெருக்கி கிடையாது. டிரம்முக்குப் பதில் தொடையில் தட்டு. காட்டிக்கொடுப்பது பாட்டைவிடச் செருப்புதான். மாடிப்படியில் இருபது ஜோடி சிலிப்பர் கிடந்தால் கீழ்க்கடைக்காரருக்குக் கணக்குத் தெரிந்துவிடும். அதனால் செருப்பைப் பையில் போட்டு உள்ளே கொண்டுபோவார்கள். நீங்கள் போனாலும் அப்படியே செய்யுங்கள். வாசலில் காரை நிறுத்தி அரிசி மூட்டை இறக்காதீர்கள்.

அரிசி என்றதும் இன்னொன்று. சின் சபைகளிலும், அவர்களின் உறவினமான இந்திய மிசோரமின் மிசோ சபைகளிலும் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துச் சபைக்குச் சேர்ப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பிடியரிசிக் காணிக்கை போலத்தான். நீங்கள் தரும் அரிசியிலிருந்தும் ஒரு பங்கு இன்னொரு குடும்பத்துக்குப் போகும். "எங்களிடம் வாங்கி வேறு யாருக்கோ தருகிறார்கள்" என்று சபையில் முணுமுணுப்பு எழுவது இந்த இடத்தில்தான். அது அவர்களின் காணிக்கை, கணக்குக் கேட்காதீர்கள்.

ஒரே சின் ஆராதனை எல்லாருக்கும் போதும் என்று நினைப்பதும் தவறு. ஹாக்காக்காரர் கடவுளை "பாதியான்" என்பார், இன்னொரு சின் பகுதியான தெதிம்காரர் "பாசியான்" என்பார். பேச்சும் வேதப் புத்தகமும் வேறு. யாருக்கு எந்த மொழி என்று அவர்களின் மூப்பரிடமே கேளுங்கள். சாப்பாட்டுக் கடையிலும் கார் கழுவுமிடத்திலும் வேலை செய்பவர்களுக்கு ஞாயிறு லீவு அபூர்வம். உங்கள் ஆலயத்தை வார நாள் பிற்பகலில் தருவது, ஞாயிறு காலை உங்களோடு உட்காரச் சொல்வதைவிட உதவும்.

சட்டத்தை மூடி மறைக்க வேண்டாம். 1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. குடிநுழைவுச் சட்டம் 1959/63இல் அகதி என்ற வகையே கிடையாது. யூஎன் கார்டு, அதாவது ஐ.நா. அகதிகள் அமைப்பு (UNHCR) தரும் அடையாள அட்டை, நடைமுறையில் ஓரளவு காப்பாற்றும், ஆனால் அது குடியிருப்பு உரிமை அல்ல. அச்சட்டத்தின் 55E பிரிவு, அனுமதியில்லாதவரை இடத்துக்குள் வரவிட்டாலும் தங்கவிட்டாலும் ஆளுக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அடைக்கலம் கொடுப்பதற்கான பிரிவு 56 அதைவிடக் கடுமை. ஆகவே போதகர் ஒருவர் தலையில் இதைக் கட்டாதீர்கள். வழக்கறிஞரிடம் எழுத்தில் ஆலோசனை வாங்கி, சபைக் குழு முடிவெடுக்கட்டும்.

இன்னொரு கண்ணி: அதே மாடியில் மியன்மாரின் முஸ்லிம்களான ரோஹிங்கியாக்களும் இருக்கலாம். இஸ்லாமியரிடையே பிற மதப் பிரசாரத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டம் பேராக்கில் 1988 முதல் இருக்கிறது. கைப்பிரதி எதையும் மாடிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

சின் பாப்டிஸ்டுகள் முழுக்கு ஞானஸ்நானம்தான் கொடுப்பார்கள். மெதடிஸ்ட், லுத்தரன் ஆலயத்துத் தொட்டி இதற்குப் பயன்படாது. பெரியவர் முட்டிபோட்டால் நெஞ்சுக்கு வரும் தண்ணீர் வேண்டும், சுமார் 1,000 லிட்டர். அது ஒரு டன் எடை! பழைய கடைவீட்டு மரத்தளத்தில் வைக்கவே கூடாது. ஆலயத்தின் பின்புறம் சிமெண்டுத் தரையில் நீலத் தண்ணீர்த் தொட்டி போதும். தோட்டத்து ஆற்றை மழைக்காலத்தில் நம்பாதீர்கள். திருவிருந்துக்கு மது வேண்டாம், நாம் பழகிய ரிபெனா பழச்சாறே போதும்.

படம் எடுக்காதீர்கள், குழந்தைகள் படம் வேண்டவே வேண்டாம். மேடையில் சாட்சி சொல்லச் சொல்வதும் கூடாது. அவர்களின் சொந்தக்காரர்கள் இன்னும் மியன்மாரில் இருக்கிறார்கள். "அமெரிக்கா அனுப்ப நாங்கள் கடிதம் தருகிறோம்" என்ற பேச்சும் வேண்டாம். யூஎன் சேவை எதற்கும் காசு கிடையாது, காசு கேட்பவர் தரகர். 2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகள் சேர்க்கையை நிறுத்தியதிலிருந்து காத்திருப்பவர்கள் தேங்கிப்போயிருக்கிறார்கள். முன்பெல்லாம் மூப்பரும் பாட்டுத்தலைவரும் திடீரென அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் போய்விடுவார்கள். இங்குள்ள சின் சபைகளில் போதகர் அல்லாதவர்களும் எழுந்து பிரசங்கிப்பதுண்டு. உங்கள் போதகர் இதை ஒழுங்கின்மை என்று எண்ணக்கூடும்.

உண்மையில் உங்கள் சபை தரக்கூடிய பெரிய உதவி கல்லறை நிலம். பழைய தோட்டச் சபைகளுக்குப் பெரும்பாலும் சிறு இடுகாடு இருக்கும். வீட்டில் சாவு நடந்தால் அதிகாரிகளிடம் சொல்லிப் புதைக்கும் பெர்மிட் வாங்க வேண்டும். பயத்தில் குடும்பம் தாமதிக்கும், அப்போதுதான் சிக்கல் வரும். சபையிலிருந்து மலாய் நன்றாகப் பேசும் ஒருவர் கூடப் போகட்டும். இறந்தவரின் யூஎன் கார்டு கையில் இருக்கட்டும். சின்காரர்கள் இரவெல்லாம் உடலருகே பாடி விழித்திருப்பார்கள்; அதற்கு ஆலயக் கூடத்தைத் திறந்துவிடுங்கள். பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது, எனவே சிலுவையிலும் பதிவேட்டிலும் பெயரைக் கார்டில் உள்ள எழுத்துப்படியே எழுதுங்கள். குழி எண்ணையும் இடத்தின் வரைபடத்தையும் ஒரு தாளில் போட்டுக் குடும்பத்திடம் கொடுங்கள். இருபது வருடம் கழித்து வேறு நாட்டிலிருந்து பிள்ளைகள் தேடி வரும்போது, அந்த டவுனில் அவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்.