தன்சாவிலிருந்து ராஜீவ் சௌக்: துவாரகாவில் மாறியாக வேண்டும்

வணக்கம். டில்லியில் தன்சா பேருந்து நிலையத்தின் அருகே வீடு எடுத்தால், ராஜீவ் சௌக்கிலுள்ள அலுவலகத்துக்கு ஒரே ரயிலில் செல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். இயலாது. தன்சாவுக்கு வரும் டில்லி மெட்ரோவின் சாம்பல் வழித்தடம் ஏறத்தாழ 5 கிலோமீட்டரில், நான்கு நிலையங்களுடன், துவாரகாவிலேயே முடிந்துவிடுகிறது. அதன் தண்டவாளம் ஸ்டாண்டர்ட் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே அகலம் குறைந்த பாதை), ராஜீவ் சௌக் செல்லும் நீல வழித்தடமோ அகலப்பாதை என்பதால், ஒரே வண்டி இரண்டிலும் ஓட வழியில்லை. துவாரகாவில் நீல வழித்தடத்துக்கு மாறினால், நொய்டா வண்டி, வைஷாலி வண்டி எதுவாயினும் ராஜீவ் சௌக் வழியாகவே செல்லும். 2019 அக்டோபரில் நஜஃப்கர் வரை மட்டுமே திறக்கப்பட்டு, 2021 செப்டம்பரில்தான் தன்சா வரை நீண்டது சாம்பல் வழித்தடம். ஆகவே பழைய வரைபடத்தை நம்பி வீடு தேடாதீர்கள். நெரிசல் மிகுந்த நஜஃப்கர் சாலையில் தினமும் பேருந்தில் அவதிப்படுவதைவிட, ஒருமுறை மாறிச் செல்வதே மேல் என்பேன். நிலையத்துக்கு நடந்தே செல்லும் தொலைவில் வீடு பாருங்கள்.