பயிற்சிக்குப் பணம் பிடிக்கலாமா, அசல் சான்றிதழைத் தர மறுக்கலாமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் 4 ஆண்டுகளாக நர்சிங் அசிஸ்டண்டாக வேலை பார்க்கிறேன். ஓராண்டு டிப்ளமோ படித்திருக்கிறேன். மாதம் ஒருமுறை, என் வார விடுப்பு நாளில் பயிற்சி வகுப்பு வைக்கிறார்கள். அதற்குச் சம்பளத்தில் 400 ரூபாய் பிடிக்கிறார்கள். ‘ஆண்டுக்கு 12 மணி நேரம் படிக்காவிட்டால் உன் சர்டிபிகேட் செல்லாது’ என்கிறார்கள். போன வருடம் திருச்சிக்கு 3 நாள் பயிற்சிக்கு அனுப்பியபோது, 2 ஆண்டுக்குள் வேலையை விட்டால் ஒரு லட்சம் தர வேண்டும் என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது தஞ்சாவூரில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. பணம் கட்டினால்தான் பிளஸ் டூ, டிப்ளமோ அசல்களைத் தருவார்களாம். என்ன செய்வது?

பதில்: சகோதரி, அசல் சான்றிதழிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் அவசரம் அதுதான். அவற்றைப் பிடித்து வைக்க மருத்துவமனைக்கு உரிமை இல்லை. கடனுக்கு ஈடாகப் பொருளை வைத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு சிலருக்குத் தருகிறது. ஆனால் கல்விச் சான்றிதழ் சந்தையில் விற்கும் பொருள் அல்ல, அந்தப் பிரிவு அதற்குப் பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் பணம் தர வேண்டியிருந்தாலும்கூட, அவர்கள் அதற்கு வழக்குதான் போட வேண்டும்.

பத்திரத்தை மட்டும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘பாண்டு எல்லாம் செல்லாது’ என்று பலர் சொல்வது முழு உண்மை அல்ல. ஒரு பொதுத்துறை வங்கியில் 3 ஆண்டு வேலை பார்க்காவிட்டால் 2 லட்சம் என்ற நிபந்தனையை 2025-இல் உச்ச நீதிமன்றமே ஏற்றது. ஆனால் அங்கே பெரிய அளவில் ஆளெடுக்கும் செலவு பேசப்பட்டது. உங்கள் விஷயம் 3 நாள் பயிற்சி. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். பயிற்சிக் கட்டணம், பேருந்து, தங்குமிடம் என்று ரசீதோடு கணக்குக் காட்டச் சொல்லுங்கள். பத்திரத்துக்குப் பின் எத்தனை மாதம் வேலை பார்த்தீர்கள் என்பதும் உங்கள் பக்கம் நிற்கும்.

அப்புறம் அந்த 12 மணி நேரம். அது அமெரிக்க விதி. அங்குள்ள முதியோர் பராமரிப்பு இல்லங்கள் தங்கள் நர்சிங் உதவியாளர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 12 மணி நேரப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. அங்கேயும் அந்தக் கடமையைச் சுமப்பது இல்லம்தான். இங்கே பதிவு பெற்ற செவிலியர்களுக்கு நர்சிங் கவுன்சில் உண்டு, பதிவைப் புதுப்பிப்பது உண்டு. நீங்கள் அந்தப் பதிவேட்டிலேயே இல்லை. வகுப்புக்குப் போகாததால் உங்கள் டிப்ளமோ செல்லாமல் போகாது.

அதற்காக வகுப்பையே வெறுத்துவிடாதீர்கள். படுத்த படுக்கையான நோயாளியை 2 மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது, கையைச் சரியாகக் கழுவுவது, உணவு புரையேறாமல் ஊட்டுவது இதெல்லாம் மறந்தால் புண்ணும் தொற்றும் நோயாளிக்குத்தான். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தர வேண்டியதும் அவசியம். ஆனால் முதலாளி கட்டாயப்படுத்தும் பயிற்சி முதலாளியின் செலவு. சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று பழைய ஊதியச் சட்டத்தில் பட்டியலே இருந்தது. அதில் இந்த வகுப்புக் கட்டணம் இல்லை. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் நிலை அதுதான். பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்க அதில் 3 ஆண்டு அவகாசம் உண்டு. சம்பளச் சீட்டு இல்லையென்றால் வங்கி பாஸ்புக் பதிவு போதும். வகுப்பில் வருகைக் கையெழுத்து வாங்கியிருந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள். விடுப்பு நாளில் உங்களை வரவழைத்ததற்கு அதுதான் சாட்சி, மாற்று விடுப்பும் கேட்கலாம்.

ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, நோட்டீஸ் காலத்தை முடியுங்கள். ஒரே நாளில் நின்றுவிட்டால் அவர்களுக்கு வலு கூடிவிடும். எந்தெந்த அசல் சான்றிதழை எந்த நாளில் கொடுத்தீர்கள் என்று எழுதி, அவற்றைத் திருப்பிக் கேட்டு, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் அசையவில்லையென்றால் சிவில் நீதிமன்றம் போகலாம். பணப் பிடித்தத்துக்குத் தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு தரலாம், சில நேரம் அதிலேயே வேலை முடிந்துவிடும்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். அதுவரை ‘எல்லாக் கணக்கும் தீர்ந்தது’ என்று எந்தத் தாளை நீட்டினாலும், அசலைக் கையில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.