தண்டையார்பேட்டை மாடியில் ஜூம்பா

அன்புள்ள அக்கா,

தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். வயது 48. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். எங்கள் பக்கம் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எங்கே நடப்பது? பக்கத்துத் தெருவில் ஒரு பெண் மாலையில் மொட்டை மாடியில் ஜூம்பா நடனம் சொல்லிக்கொடுக்கிறார். சேர்ந்துவிட்டேன். மனம் லேசாக இருக்கிறது. என் நாத்தனாரோ, ‘இந்த வயதில் என்ன ஆட்டம்? இதெல்லாம் உடற்பயிற்சியா? முட்டி போய்விடும்’ என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உடற்பயிற்சிதான். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. நடையா நடனமா என்று உடம்பு பேதம் பார்ப்பதில்லை. ஆடும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அளவு சரி. உழைக்கும் தசை, இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோதும் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உங்களுக்கு அது பெரிய லாபம். (கொலம்பியாவில் பிறந்த ஜூம்பா உங்கள் மாடியில் கானாவுக்கும் ஆடப்படும் என்று நம்புகிறேன்.)

‘மனம் லேசாக இருக்கிறது’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி எந்த அளவுக்கு உதவும் என்று 218 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நடனம் அதில் நல்ல பலன் காட்டியது. ஆனால் நடனத்தைச் சோதித்தவை மிகச் சில, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். நமக்குத் தெரிந்த காரணமும் ஒன்று உண்டு. அடுத்த அடியை நினைவில் வைத்து, பக்கத்தில் இருப்பவர்மேல் மோதாமல் திரும்ப வேண்டியிருக்கும்போது, வட்டிக் கணக்குக்கு மனத்தில் இடமேது?

வடசென்னையில் ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. சாவு ஊர்வலத்தில் ஆடுகிறார்கள், ஆடி மாத அம்மன் திருவிழாவில் ஆடுகிறார்கள், வியாசர்பாடியில் கால்பந்தில் கோல் விழுந்தாலும் ஆடுகிறார்கள். ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நாம் வாசற்படியில் நின்று பார்ப்போம்; சாமி வந்தால் மட்டும் நமக்கு அனுமதி. சாமி வராமலேயே, சுயநினைவோடு, பெண்கள் சேர்ந்து ஆட உங்களுக்கு ஒரு மாடி கிடைத்திருக்கிறது. நாத்தனாரின் முகச்சுளிப்பு முட்டியைப் பற்றியது அல்ல என்றே நினைக்கிறேன்.

இருந்தாலும் முட்டி விஷயத்தில் அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. கான்கிரீட் தளத்தில் குதித்தால் அந்த அதிர்வு முட்டிக்குத்தான் போகும். மற்றவர்கள் குதிக்கும்போது நீங்கள் ஒரு காலைத் தரையில் வைத்தே ஆடுங்கள். திரும்பும்போது பாதமும் சேர்ந்து திரும்பட்டும். வெறுங்காலோடு ஆட வேண்டாம். சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையலாம், பட்ட காயம் தெரியாது. ஷூ வாங்கிவிடுங்கள். தசை வலுவுக்கு ஆட்டம் மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுந்து பழகுங்கள்.

சில வகை மாத்திரைகள் உழைப்போடு சேர்ந்து சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும். கை நடுங்கி, படபடத்து வந்தால் ஆட்டத்தை நிறுத்திக் குளுக்கோஸ் சாப்பிடுங்கள். உங்கள் மாத்திரை அந்த வகையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவரிடம் ‘நடக்கிறேன்’ என்று சமாளிக்காமல், ஆடுகிறேன் என்றே சொல்லுங்கள்.