எட்டாவது முடிந்து ஒன்பதாவது: பள்ளி திறப்பதற்குள் பார்க்க வேண்டியவை

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாவது முடித்துவிட்டாள். ஜூனில் உசிலம்பட்டி அரசுப் பள்ளியில் ஒன்பதாவது சேர்க்கப் போகிறோம். பஸ்ஸில் போய் வர வேண்டும். "அது பெரிய ஸ்கூல், எனக்குப் பயமா இருக்கு" என்கிறாள். தனியார் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் சேர்த்துவிடுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். நானும் அவள் அப்பாவும் பத்தாவது வரை படிக்கவில்லை. இந்த லீவிலேயே நாங்கள் என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில்: அம்மா, முதலில் சொந்தக்காரர்கள் சொல்வதைப் பார்த்துவிடலாம். அதை முடிவு செய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

மகள் இதுவரை படித்தது அரசுப் பள்ளி. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது வந்துவிட்டது. ஒன்பதாவதில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளிக்கும் இந்த ஒதுக்கீடு கிடையாது, இது பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் பகுதியில் இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அரசுப் பள்ளிகளாகவே கணக்கில் வரும், அதனால் அங்கே சேர்த்தாலும் கவலை இல்லை. பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் இந்தத் தொடர்ச்சியைத்தான் பார்ப்பார்கள்.

அதேபோல, முதல் வகுப்பிலிருந்து வேலைக்குத் தேவையான படிப்பு வரை தமிழ்வழியிலேயே படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. எட்டு வருடம் தமிழில் படித்த பிள்ளையை ஒன்பதாவதில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினால் அதுவும் போகும், அறிவியலையும் கணக்கையும் புது மொழியில் படிக்கிற பாரமும் சேரும். ஆங்கிலம் வேண்டும்தான். அதற்குத் தினமும் அரை மணி நேரம் ஆங்கிலப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்க வையுங்கள். மீடியத்தை மாற்றாதீர்கள் என்பதே என் கருத்து.

அடுத்தது கணக்கு. நான் பல வருடம் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எட்டாவது வரை ஃபெயில் போடக் கூடாது என்பது 2009 ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தில் வந்தது, தமிழ்நாட்டில் இன்றும் அப்படித்தான் நடக்கிறது. அது நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் விட்டுப்போன பாடம் விட்டுப்போனதாகவே கூட வருகிறது. ஒன்பதாவதில் மெய்யெண்கள், இயற்கணிதம், முக்கோணவியல் என்று வரிசையாக வரும்போது, ஐந்தாவதில் புரியாமல் போன பின்னக் கணக்கு அங்கே வந்து வழிமறிக்கும். "எனக்குக் கணக்கே வராது" என்று பிள்ளை தானே முடிவு கட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த வகுப்பில்தான். பத்தாவதில் டியூஷன் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அங்கே பத்தாவது பாடத்தை முடிக்கவே நேரம் போதாது.

நீங்கள் படிக்காவிட்டாலும் இதைச் சோதிக்கலாம். ஒரு தாளில் நான்கே கணக்கு எழுதிக் கொடுங்கள். மூன்றில் இரண்டு பங்கையும் நான்கில் ஒரு பங்கையும் கூட்டினால் எவ்வளவு? −7 உடன் 3 கூட்டினால் என்ன? 3x + 5 = 20 என்றால் x எவ்வளவு? 800 ரூபாய்ச் சேலைக்கு 15 சதவீதம் தள்ளுபடி போனால் எவ்வளவு கொடுக்க வேண்டும்? விடைகள் வரிசையாக 11/12, −4, 5, 680 ரூபாய். முதல் கணக்குக்கு 3/7 என்று எழுதினால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள் என்று அர்த்தம். நிறையப் பிள்ளைகள் இப்படித்தான் போடுகிறார்கள். திட்டாதீர்கள். எந்த இடத்தில் தடுக்கிறது என்று தெரிந்துவிட்டதே, அது போதும். பழைய பள்ளி ஆசிரியரிடமோ, பக்கத்து வீட்டில் கல்லூரி போகும் பிள்ளையிடமோ சொன்னால் இந்த லீவுக்குள் சரிசெய்துவிடலாம். பதினாறு வரை வாய்ப்பாடு தடுமாறாமல் வரட்டும்.

எட்டாவது புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். கிராமப்புறப் பள்ளிகளில் ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு நடக்கும். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியரைத் தேர்வு செய்து பன்னிரண்டாவது வரை உதவித்தொகை தருகிறார்கள். கேள்விகள் எட்டாவது பாடத்திலிருந்துதான் வரும். புதுப் பள்ளி அந்தத் தேர்வுக்கு உட்பட்ட பகுதியில் வருகிறதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேர்வாகியிருந்தால், வருடம் 12,000 ரூபாய் நான்கு வருடத்துக்குக் கிடைக்கும். சேர்க்கையின்போதே அதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் பதிவு தள்ளிப்போகும்.

காகித விஷயத்தில் மிக முக்கியமானது பெயரும் பிறந்த தேதியும்தான். டி.சி. வாங்கும் முன்பே பழைய பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நம் பக்கம் பிறப்புச் சான்றிதழில் 'சுபலெட்சுமி' என்று இருக்கும், ஆதாரில் 'சுபலட்சுமி' என்று இருக்கும், பள்ளியில் இனிஷியலே இருக்காது. இந்த எமிஸ் விவரம்தான் பத்தாவது மதிப்பெண் சான்றிதழில் ஏறும். அதில் ஏறிய பிறகு மாற்றுவது பெரிய அலைச்சல். இப்போது பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் சுலபமாக முடியும். மகளுக்கு 15 வயது ஆனதும் ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதையும் மனதில் வையுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் மே மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூனில் கூட்டம் தாங்காது. எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து ஒரே பையில் போட்டு வையுங்கள்.

செலவில் ஒன்று: எட்டாவது வரை சீருடை இலவசமாக வந்தது. ஒன்பதாவதுக்கு நீங்கள்தான் எடுக்க வேண்டும். நிறம் எது என்று பள்ளியில் கேட்ட பிறகே துணி எடுங்கள். மதுரைக்குப் போகிற வேலை இருந்தால் விளக்குத்தூண் பக்கம் எடுக்கலாம், இல்லாவிட்டால் உசிலம்பட்டியிலேயே கிடைக்கும். பாடப்புத்தகம் பள்ளியில் இலவசம். பஸ் பாஸ் கைக்கு வர நாளாகும், ஆனால் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு எப்படியும் டிக்கெட் இல்லை.

மதிய உணவு பத்தாவது வரை உண்டு. காலையில்தான் கவனம் வேண்டும். 2022 இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாவது வரைதான். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடிவந்து, காலை வழிபாட்டில் மயங்கி விழும் பெண் பிள்ளைகளை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். நாலு இட்லியை டப்பாவில் கட்டிக் கொடுத்தாவது அனுப்புங்கள். மாதவிலக்கு நாட்களுக்கு ஒரு நாப்கினும் மாற்றுத் துணியும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

இப்போது அவள் பயம். ஊர்ப் பள்ளியில் அவளை எல்லா ஆசிரியருக்கும் பெயர் சொல்லித் தெரியும். புதுப் பள்ளியில் மணி அடிக்க அடிக்க ஆசிரியர் மாறுவார், ஒரு வகுப்பில் அறுபது பேர்கூட இருப்பார்கள். "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க" என்று சொல்லி அடக்காதீர்கள். பள்ளி திறப்பதற்கு முன் அதே நேரத்து பஸ்ஸில் ஒருமுறை அவளோடு போய் வாருங்கள். எந்த நிறுத்தம், பள்ளிக்கு எந்த வழி, பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது, யாருக்குப் போன் செய்வது என்று அவள் வாயாலேயே சொல்லட்டும். உங்கள் ஊரிலிருந்து சேரும் வேறு பிள்ளை இருந்தால் இருவரையும் ஒரே பிரிவில் போடச் சொல்லிச் சேர்க்கையின்போது கேளுங்கள். முடிந்தவரை செய்வார்கள்.

ஜூன் கடைசியில் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். படிக்காதவர்கள் என்று தயங்க வேண்டாம். "கணக்கில் எந்த இடத்தில் தடுக்கிறது, வகுப்பில் வாய் திறந்து பேசுகிறாளா" என்ற இரண்டைக் கேட்டால் போதும். பள்ளி சம்பந்தமாக எந்தச் சந்தேகம் என்றாலும் 14417 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்ததும் மதிப்பெண்ணைவிடத் தப்பான கணக்குகளைப் பாருங்கள். லீவில் கொடுத்த அந்த நான்கு கணக்கில் எந்த இடத்தில் தடுக்கினாளோ அங்கேயே மறுபடி தடுக்கினால், அரையாண்டு வரை காத்திருக்காமல் அந்த வாரமே கணக்கு ஆசிரியரைப் பாருங்கள்.