குளிர்காலத்துக்கும் இருப்பீர்களா?

வணக்கம் சார்,

ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ்ஸிலிருந்து நீங்கள் எழுதும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். இது சொந்த விஷயமாக எழுதும் கடிதம். நாங்கள் முப்பது வருடமாக இங்கிலாந்தில், ரெடிங்கில் இருக்கிறோம். மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். மாப்பிள்ளை யார்க்‌ஷயர்க்காரர், வெள்ளைக்காரர். இரண்டு பேரும் நல்ல வேலையை விட்டுவிட்டு ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், உல்லாபுல் தாண்டி ஒரு சின்ன ஊரில் பழைய வீடு ஒன்றை வாங்கி, கீழே கஃபேயும் மேலே காலை உணவோடு தங்கவைக்கும் இரண்டு அறை பி அண்ட் பி-யுமாக நடத்தப்போகிறார்களாம். என் ஆபீஸ் நண்பர்கள், எல்லாரும் இங்கிலாந்துக்காரர்கள்தான், "அங்கே போய் இங்கிலீஷ்காரன் கடை போட்டால் உள்ளூர்க்காரன் ஒருத்தன் உள்ளே வரமாட்டான், கண்ணாடியை உடைத்தாலும் உடைப்பான்" என்று பயமுறுத்துகிறார்கள். மாப்பிள்ளை வாயைத் திறந்தாலே எந்த ஊர் என்று தெரிந்துவிடும். நான் மகளின் நிறத்தை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், இவர்கள் மாப்பிள்ளையின் பேச்சை நினைத்துக் கவலைப்படச் சொல்கிறார்கள். நீங்களும் இங்கிலாந்திலிருந்து அங்கே போனவர்தானே. நிலவரம் என்ன?

(பெயர் வேண்டாம்), ரெடிங்

அன்புள்ள நண்பருக்கு,

கண்ணாடியெல்லாம் உடைக்கமாட்டார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நிம்மதியாகத் தூங்குங்கள்.

என் கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். திருநெல்வேலியில் பிறந்து லெஸ்டரில் பதினைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். அந்தப் பதினைந்து வருடத்தில் ஒரு ஆள்கூட என்னை இங்கிலீஷ்காரன் என்று சொன்னதில்லை. இன்வர்னெஸ் வந்த இரண்டாவது வாரத்திலேயே அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது. வேலையிடத்தில் ஒரு பெரியவர் என் ஆங்கிலத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஓ, நீ இங்கிலீஷா" என்றார். திட்டவில்லை, நம் ஊரில் 'நீங்க மதுரைப் பக்கமா' என்று கேட்பது மாதிரிதான் கேட்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லி அரை மணி நேரம் சிரித்தோம். ஆக, உங்கள் மாப்பிள்ளை மட்டுமில்லை, உங்கள் மகளும் அங்கே இங்கிலீஷ்காரிதான், அதை இப்போதே சொல்லிவையுங்கள்.

இங்கிலாந்தில் பிறந்தவர்கள் இங்கே அபூர்வப் பிராணிகளும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் அப்படி 4,60,000 பேர், நூற்றுக்கு ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையில் நான் தங்கிய விடுதிகளில் கதவைத் திறப்பவர் மான்செஸ்டர் பேச்சு பேசினால் யாரும் ஆச்சரியப்பட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் நண்பர்கள் சொல்வதற்கு ஒரு பழைய வேர் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. 1990களின் தொடக்கத்தில் 'செட்லர் வாட்ச்', 'ஸ்காட்டிஷ் வாட்ச்' என்று இரண்டு சின்னக் கூட்டங்கள் கிளம்பி, இங்கிலாந்திலிருந்து குடிவந்தவர்களுக்கு எதிராகப் போஸ்டர் ஒட்டிப் பிரசாரம் செய்தன. மக்கள் ஆதரவு கிடைக்காமல் அடங்கிப்போன சமாச்சாரம். ஆனால் அந்தக் காலத்தில் புழங்கிய 'ஒயிட் செட்லர்' என்ற வார்த்தை, ஆப்பிரிக்காவில் நிலம் பிடித்த வெள்ளைக்காரனுக்குச் சொன்ன வார்த்தையை வெள்ளைக்காரனே வெள்ளைக்காரனைப் பார்த்துச் சொன்னது, இன்னும் எப்போதாவது பப்பில் மூன்றாவது பைன்ட்டுக்கு அப்புறம் காதில் விழும்.

ஏன் நிலம் என்றவுடன் இவர்களுக்குச் சுருக்கென்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இந்த ஹைலண்ட்ஸ் மலைப்பகுதியில் குத்தகைக் குடும்பங்களை ஊர் ஊராகக் கிளப்பிவிட்டு ஆடு வளர்த்தார்கள். 'கிளியரன்ஸ்' என்பார்கள். துரத்தியவர்களில் சொந்த குலத் தலைவர்களே நிறையப் பேர், அதாவது ஸ்காட்காரர்கள்தான். ஆனாலும் வடக்கே சதர்லாண்ட் வட்டாரத்தில் அதைப் பெரிய அளவில் நடத்திய முதல் டியூக் லண்டனில் பிறந்த பெரும் பணக்காரர். கோல்ஸ்பி ஊருக்கு மேலே மலையுச்சியில் அவர் சிலை இன்னும் கம்பீரமாக நிற்கிறது, கீழே காரில் போகும்போதெல்லாம் கண்ணில் படும். இப்படி ஒரு சிலையை அண்ணாந்து பார்த்தபடி வளர்ந்தவர்களிடம், தெற்கே வீட்டை விற்ற பணத்தோடு வந்து ஒரே வாரத்தில் வீட்டைப் பேசி முடிப்பவர்கள் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ள வேண்டாமா?

அதனால் நான் உங்கள் மகளிடம் கேட்கும் முதல் கேள்வி: அந்த வீட்டில் இதுவரை யார் இருந்தார்கள்? வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த கடையோ, ஓய்வுபெற்றுப் போகிறவரின் விடுதியோ என்றால் ஊரே மகிழ்ச்சியாக வந்து எட்டிப்பார்க்கும். ஒரு உள்ளூர்க் குடும்பம் வாடகைக்கு இருந்து காலி செய்த வீடு என்றால், உங்கள் மாப்பிள்ளை கிளாஸ்கோவில் பிறந்தவராக இருந்தாலும் முணுமுணுப்பு இருக்கும். அங்கே வேலை இருக்கிறது, வேலைக்கு ஆள் தங்க வீடு இல்லை. ஊரில் பிறந்த பையன் கல்யாணம் செய்துகொண்டு கேரவனில் குடித்தனம் நடத்தும்போது பக்கத்து வீடு வருடத்தில் பத்து மாதம் இருட்டாகக் கிடந்தால் எரிச்சல் வராதா? 2024 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு கவுன்சில்கள் இருமடங்கு வரி போடலாம் என்று சட்டமே வந்துவிட்டது. நியாயம்தான் என்பது என் கட்சி.

வெளியிலிருந்து வந்தவரை இங்கே 'இன்கமர்' என்பார்கள். 'வந்தேறி' என்று மொழிபெயர்த்துப் பதறவேண்டாம், பெரும்பாலும் நம் 'அசலூர்க்காரர்' அளவுக்குத்தான் அதற்குக் காரம். சொல்பவரின் முகத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஆர்க்னித் தீவுகளில் 'ஃபெரிலூப்பர்', படகிலிருந்து தாவி இறங்கியவர். ஷெட்லாந்தில் 'சூத்மூதர்', துறைமுகத்தின் தெற்கு வாய் வழியாக வந்தவர். எடின்பரோக்காரரும் அங்கே சூத்மூதர்தான். இருபது வருடம் இருந்தாலும் பெயர் மாறாது. பெயர் மாறாவிட்டாலும் ஊர் விசேஷத்துக்கு முதல் ஆளாகக் கூப்பிடுவார்கள், அதுதான் வேடிக்கை.

இனி வியாபாரத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, அவர்களும் வடக்கு இங்கிலாந்துதான், மேற்கே ஒரு ஊரில் கஃபே திறந்தார்கள். முதல் வருடம் அவகாடோ, சவர்டோ ரொட்டி, கரும்பலகையில் அழகான கையெழுத்து. நார்த் கோஸ்ட் 500 சாலையைச் சுற்ற வரும் கேம்பர்வேன்காரர்களால் ஜூலையில் உட்கார இடம் கிடையாது. உள்ளூர் ஆட்கள் ஒருவரும் வரவில்லை. நம்மை ஒதுக்குகிறார்கள் என்று அந்தப் பெண்மணி என்னிடமே கண்கலங்கினார். அக்டோபரில் ஒருநாள் காலை ஏழரைக்கு ரோடு வேலை பார்க்கும் ஆள் ஒருவர் கதவைத் தட்டி "ரோல் அண்ட் ஸ்கொயர் இருக்கா" என்றார். அம்மணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்கொயர் என்பது தோல் இல்லாமல் செவ்வகமாகச் செய்து துண்டு போட்ட இறைச்சி சாசேஜ், லோர்ன் சாசேஜ் என்றும் சொல்வார்கள், மிருதுவான ரோலுக்குள் வைத்துக் கையிலேயே சாப்பிட்டுக்கொண்டு வண்டி ஓட்டலாம். அவர் விளக்கிச் சொல்லிவிட்டு ஒரு டீ மட்டும் வாங்கிக்கொண்டு போனார், போகிற போக்கில் "குளிர்காலத்துக்கும் இருப்பீர்களா?" என்று கேட்டார். எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. ஈஸ்டரில் திறந்து அக்டோபரில் பூட்டிக்கொண்டு ஸ்பெயினுக்குப் போகும் கடைகளை இவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த வாரமே ஸ்கொயர் வந்தது, வாரத்தில் நான்கு நாள் காலை ஏழு மணிக்குக் கடை திறந்தது, மீன் பண்ணைக்குப் போகிறவர்கள், ஸ்கூல் பஸ் டிரைவர், தபால்காரர் என்று ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். லாபம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் பிப்ரவரியில் பாய்லர் நின்றபோது யாரைக் கூப்பிடுவது என்று தேடவேண்டியிருக்கவில்லை, டீ குடிக்க வந்தவரே கழற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, "எங்கள் ஊரில் இப்படித்தான் செய்வோம்" என்ற வாக்கியத்தை எல்லைக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வரவேண்டும். ஊர்க் கமிட்டிகளில் புதிதாக வந்தவர்கள் முதல் வருடமே தலைவராகி, மணி அடித்து அஜெண்டா படித்து எல்லாவற்றையும் சீர்திருத்தக் கிளம்புவது இங்கே பெரிய புகார். (அவர்கள் இல்லாவிட்டால் பல ஊர்களில் சமுதாயக் கூடத்தைத் திறக்க ஆளிருக்காது என்பதும் உண்மை, அதைச் சொன்னால் இங்கே என் மேல் கோபப்படுவார்கள்.) 1997இல் மேற்குக் கரையோரத்து எக் (Eigg) தீவு மக்கள் சேர்ந்து நில உரிமையாளரிடமிருந்து தீவையே விலைக்கு வாங்கியபோது அதில் முன்நின்ற குடும்பங்களில் வெளியிலிருந்து வந்தவர்களும் உண்டு. பதினைந்து லட்சம் பவுண்டில் ஒரு பெருந்தொகையைக் கொடுத்தவரே பெயர் வெளியிடாத ஒரு இங்கிலாந்துப் பெண்மணி. இங்கிலாந்து என்பதற்காக யாரும் காசோலையைத் திருப்பி அனுப்பவில்லை.

இரண்டாவது, ஒற்றைத் தடச் சாலையில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடத்தில் நின்று வழிவிட்டு, எதிரில் வருபவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்கவேண்டும். சிரிக்காதீர்கள். கையசைக்காத வண்டி எது என்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

அரசியல், கால்பந்து? 2014 பொது வாக்கெடுப்பில் தனிநாடு வேண்டும் என்று 45 சதவீதம் பேர் வாக்களித்த நாடு இது, அதுபற்றி முதலில் வாயைத் திறப்பவர் நீங்களாக இருக்கவேண்டாம். இங்கிலாந்து ஆடும் மேட்சில் எதிரணி எதுவோ அதற்குத்தான் பப்பில் கைதட்டல், மாப்பிள்ளை அன்றைக்கு எல்லாருக்கும் ஒரு ரவுண்டு வாங்கிக்கொடுத்துவிட்டு ஓரமாக உட்காரட்டும்.

அப்புறம், யாருடைய வெறுப்பும் இல்லாமலே கடையைப் படுத்தும் விஷயங்கள் சில உண்டு. பி அண்ட் பி-க்கு 2022 அக்டோபரிலிருந்து கவுன்சில் உரிமம் வேண்டும், கையில் வாங்காமல் முன்பதிவு எடுக்கக்கூடாது. பார்சல் கம்பெனிகள் பல 'ஹைலண்ட்ஸ் நீங்கலாக' என்று போட்டுக் கூடுதல் காசு பிடுங்கும், காபிக் கொட்டை வரவழைக்கும் செலவைக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். இங்கே பள்ளிக்கூடம் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும். இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு இன்னும் விடுமுறை, அதனால் கடையில் கூட்டம் அலைமோதும்போது பரிமாறிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். என் நண்பர்களை முதல் வருடம் அழவைத்தது இதுதான்.

மகளின் நிறத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிறம் பார்ப்பவர்களே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், எனக்கும் இரண்டு மூன்று முறை நடந்திருக்கிறது, எல்லாமே சனிக்கிழமை ராத்திரி, டவுனில். சின்ன ஊர்களில் அதைவிட அதிகமாகச் சந்திப்பது ஓயாத விசாரிப்புதான். யார் பெண், எங்கே படித்தாய், அம்மா அப்பா எங்கே, எப்போது வருவார்கள். நம் ஊர்ப் பெரியம்மாக்களிடம் வளர்ந்தவளாக இருந்தால் சமாளித்துவிடுவாள்.

வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பேரையும் அங்கே பத்து நாள் தங்கச் சொல்லுங்கள், ஜூனில் வேண்டாம், ஜனவரியில். காலை ஒன்பது மணிக்கு விடிந்து நாலு மணிக்கு இருட்டிவிடும், மழை படுக்கைவாக்கில் அடிக்கும், பப்பில் பேச வேறு ஆள் இல்லாததால் எல்லாரும் இவர்களிடம் பேசுவார்கள். வரும்போது எங்கள் வீட்டில் ஒருநாள் தங்கிவிட்டுப் போகட்டும், இன்வர்னெஸ்ஸிலிருந்து நானே கூட்டிப்போகிறேன். நல்ல டார்ச் ஒன்று எடுத்துவரச் சொல்லுங்கள், அங்கே தெருவிளக்கு கிடையாது.